பிலோமினா மாமியின் அரை ஏக்கர்

ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போனபோது நாங்கள் ரியூசன் கொட்டிலில் இருந்தோம். "சந்தியாப்பிள்ளை பிலோமினா அவர்கள் இன்று காலை காலமானார்" என்று குரல் கேட்டது. பக்கத்தில் இருந்தவள் "ஆரடி அது?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் அந்த முழுப்பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். ஓட்டோ சந்தி வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குள் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இந்தமுறை "எயாப்போட்டில் கழுதை கலைக்கிற பிலோமினா" என்று சேர்த்துச் சொன்னார்கள். "ஐயோ, கழுதை மாமியோ!" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் சொன்னது. எங்கள் ஊர் அவரை அறிந்திருந்தது அவ்வளவுதான்.

மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. மகள் சுகந்தி அக்கா வங்காலையில் வாழ்க்கைப்பட்டவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று என்னிடம் வந்து, "நீ நல்லா எழுதுவியாம், அம்மா சொன்னவ" என்றார். என் எழுத்தை நம்பிய இரண்டாவது ஆள் அவர். முதலாவது ஆளுக்கு அந்த நம்பிக்கையால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். மாமியை அறிந்த நீங்கள் வாசிக்கும்போது, மற்றப் பக்கங்களில் இருக்கும் "அமைதியான வாழ்வு" என்ற சொற்களை இதோடு சேர்த்து வாசியுங்கள். அவர் அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முட்கம்பி வேலி ஓடுகிறது. அதற்கு அங்கால் விமானம் இறங்கும் இடம். ஒரு நீட்டுத் தார் றன்வே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம், கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை. சில கிழமைகளில் ஒரு விமானமும் வராது. சில கிழமைகளில் இரண்டு வரும். பெரிய அதிகாரிகள் வருவார்கள். பூநாரைகளைப் படம் பிடிக்க நீளக் கமராக்களோடு வெளிநாட்டவர்கள் வருவார்கள். எங்கள் ஊர் ஆட்களில் ஒருவரும் இதுவரை அதில் ஏறியதில்லை. எங்களுக்கும் விமானத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு பிலோமினா மாமி.

நான் முதலில் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் வேப்பமரத்தின் கீழே கதிரை போட்டுப் படித்துக்கொண்டிருப்பேன். அவர் அந்தப் பக்கத்தால் விளக்குமாறும் தகரப் பேணியுமாய்ப் போவார்.

"அன்ரி எண்டு கூப்பிடாத பிள்ளை. ஆஸ்பத்திரியில ஊசி போட வாற ஆள் மாதிரிக் கிடக்கு. மாமி எண்டு கூப்பிடு. எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை, நீ பயப்பிடத் தேவையில்லை."

அவரது வேலை என்னவென்றால், விமானம் வருவதற்கு முன் றன்வேயைச் சுத்தமாக்குவது. அதற்குச் சம்பளம் கொடுத்தவர் ஒரு ஒப்பந்தக்காரர். விமானம் வரப்போகிறது என்றால் கட்டடத்தில் இருப்பவர்கள் மாமியின் போனுக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பார்கள். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் இரண்டு மிஸ் கோல். அவர் எடுத்துப் பேசமாட்டார். "எடுத்தா அவங்களுக்குக் காசு போகும், எனக்குத் திட்டு விழும்" என்பார். காகங்கள் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கொண்டுவந்து தார் மேல் போட்டு உடைத்துத் தின்னும். அந்தத் துண்டுகள் விமானத்தின் சில்லுக்குள் ஏறினால் ஆபத்து. ஆகையால் தினமும் காலையில் முழு நீளத்துக்கும் கூட்டவேண்டும். அதன் பிறகு கழுதைகள்.

மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலியில் எங்கே ஓட்டை என்று அவற்றுக்குக் காவலில் நிற்பவர்களை விட நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் சூடான தாரில் வந்து வரிசையாய் நிற்கும். படைப் பொடியன்கள் விசிலடித்துப் பின்னால் ஓடுவார்கள். கழுதைகள் றன்வே வழியே நேராக ஓடும், களைத்தவுடன் நிற்கும். மாமி பின்னால் போவதே இல்லை.

"பின்னால போய்க் கலைச்சா அது நேராத்தான் ஓடும். பிளேனும் நேராத்தான் வரும். முன்னால போய் நிண்டு முகத்தைப் பாத்துக் கதைக்கவேணும். அப்பதான் அதுக்கு வெக்கம் வந்து பக்கத்தால போகும்."

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய கிழட்டுப் பெண் கழுதைக்குப் பெரியம்மா என்று பெயர் வைத்திருந்தார். அதன் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நிற்பார். "என்ன பெரியம்மா, கொழும்பால ஆக்கள் வருகினமாம். நீங்கள் இதில நிண்டு என்ன வரவேற்புப் பாட்டோ படிக்கப் போறியள்?" என்று கேட்பார். பேணியில் ஒரு தட்டுத் தட்டுவார். பெரியம்மா ஒரு பக்கமாய்த் திரும்பி நடக்கும். மற்றவை பின்னால் போகும். நான் கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டுப் பார்ப்பேன்.

கம்பத்துத் துணிப்பை கிழிந்தபோது, புதிது வரும்வரை என்று, தன்னுடைய பழைய செம்மஞ்சள் சீலைத் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான். புதிது இன்னும் வரவில்லை. அந்தத் துண்டு இன்றைக்கும் உள்ளே பறந்துகொண்டிருக்கிறது. அதற்கு யாரும் அனுமதிப்பத்திரம் கேட்கவில்லை.

இப்போது காணியைப் பற்றிச் சொல்லவேண்டும். றன்வேக்குத் தெற்கே, வேலிக்கு உள்ளே, பற்றை மண்டிய அரை ஏக்கர் நிலம் கிடக்கிறது. அதில் ஒரு கட்டுக்கிணறும் ஒரு வீட்டின் அத்திவாரமும் இருக்கின்றன. அது மாமியின் தகப்பனாருடையது. சண்டைக் காலத்தில் பதினேழு வயதில் மாமி அந்த வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வள்ளத்தில் ராமேஸ்வரக் கரைக்குப் போனவர். அங்கே முகாமில் கலியாணம் கட்டினார், பிள்ளை பெற்றார், தகப்பனையும் கணவனையும் அடக்கம் செய்தார். திரும்பி வந்து பார்த்தபோது படலை இருந்த இடம் வேலிக்கு உள்ளே போயிருந்தது. காணி உறுதிப்பத்திரம் கடற்பயணத்தில் தொலைந்து விட்டது. வேலிக்கு வெளியே உறவினர் காணியில் கொட்டில் போட்டு இருந்தார். வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றார். ஏன் அந்த வேலைக்குப் போனார் என்று ஊரில் பலர் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் எனக்குத் தெரியும்: "என்ர வளவுக்குள்ள போக வேற வழி காட்டுங்கோ, இந்த வேலையை விடுறன்."

மனு எழுத என்னிடம் வந்தது நான் பதினோராம் வகுப்பில் தமிழ்த்தினக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய கிழமை. கிராம அதிகாரியான விதானையார் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே வரவில்லையாம்.

"நான் றன்வேயைக் கேக்கேல்லை பிள்ளை. பிளேன் நல்லா இறங்கட்டும். அங்கால சும்மா கிடக்கிற பத்தைக்காட்டைத்தான் கேக்கிறன். வேலியை ஒரு நூறு முழம் உள்ளுக்குத் தள்ளினாச் சரி. அதை அவங்களுக்கு விளங்கிற மாதிரி எழுது."

நான் எழுதினேன். கோரிக்கையை மட்டும் எழுதினால் வாசிப்பவர் மனதில் பதியாது, சான்றும் காட்சியும் வேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். அதனால் நானாகவே ஒரு பந்தி சேர்த்தேன். மாமி அந்தக் காணியில் என்னென்ன செய்கிறார் என்பதை வேப்பமரத்தடியில் இருந்து பார்த்தபடியே எழுதினேன். எங்கள் ஆட்களுக்கு ஒரு வளவு யாருடையது என்று அறிய உறுதி பார்க்கத் தேவையில்லை. முற்றத்தை யார் கூட்டுகிறார், கிணற்றில் விழுந்த இலையை யார் அள்ளுகிறார் என்று பார்த்தால் போதும். அரசாங்கக் கந்தோரிலும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நான் நினைத்தேன்.

முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்தப் பந்தி வந்ததும் மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கழுதை எல்லாம் வேணுமோ பிள்ளை?"

"வேணும் மாமி. அதுதான் சாட்சி."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர வேலையை ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை. படம் பாத்த மாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு தன் முழுப்பெயரையும் எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதிக் கையொப்பம் வைத்தார். நான் அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. அதுவரை ஒரு மனுவுக்கும் பதில் வந்ததில்லை, ஆகையால் மாமி உறையைப் பிரிக்காமலே சந்தோசப்பட்டார். கடிதம் சிங்களத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். மனுதாரர் குறித்த காணிக்குள் நாளாந்தம் சென்று வருவதாக அவரே எழுத்தில் தெரிவித்திருப்பதால், காணிக்குள் செல்ல அவருக்குத் தடை இருப்பதாகக் கொள்ள முடியாது. ஆகவே மேலதிக நடவடிக்கை தேவையில்லை. இதுதான் சாரம். கீழே, பிரதி அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்றாக இறங்குதளத்தின் பொறுப்பதிகாரி இருந்தார்.

நான் வாசித்து முடித்தபின்னும் மாமிக்கு விளங்கவில்லை. "அப்ப தரப்போறாங்களோ?" என்று கேட்டார். நான் திரும்பவும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி, தனக்குத் தெரியாத அந்த எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உன்ர படத்தை வடிவாப் பாத்திருக்கிறாங்கள்" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த கிழமை ஒப்பந்தக்காரரின் சுப்பவைசர் வாசலிலேயே மறித்துவிட்டார். அவரும் தமிழர்தான். காணி கேட்டு வழக்காடுகிற ஆளை உள்ளே வேலைக்கு வைத்திருக்க ஏலாதாம். மாமி, தான் இத்தனை வருசம் வேலை செய்ததற்கு ஒரு கடிதமாவது தரச்சொல்லிக் கேட்டார். "நீங்கள் எங்கட லிஸ்டிலேயே இல்லை அக்கா. இல்லாத ஆளுக்கு என்னெண்டு கடிதம் தாறது?" என்று அந்த மனிதர் சொன்னாராம். ஆக, உள்ளே போகத் தடையில்லை என்று சொன்ன கடிதமே அவரை வெளியே தள்ளியது. அதற்கான வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்.

அதன்பிறகு அவர் வலையிலிருந்து நண்டு தெரிக்கும் வேலைக்குப் போனார். கையெல்லாம் கீறல். மனு எழுத என்னிடம் வரவில்லை. ஒருநாள் கந்தோர் வாசலில் மேசை போட்டுக் கடிதம் எழுதுகிறவரிடம் மாமி நிற்பதை பஸ்ஸிலிருந்து கண்டேன். அவர் சொல்லச் சொல்ல அந்த மனிதர் தலையாட்டாமல் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது மாமி சிரிப்பார், "படிக்கிறியோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி ஒருபோதும் அவர் சொல்லவில்லை, ஆகவே எழுதமாட்டேன்.

அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் விமானம் ஒன்று எங்கள் தலைக்கு மேல் இரண்டு தரம் சுற்றிவிட்டு இறங்காமலே போய்விட்டது. வேலியோரம் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரியம்மாவும் கூட்டமும் றன்வே நடுவில் நின்றன. பொடியன்கள் சீனவெடி கொளுத்தினார்கள். கழுதைகள் நேராக ஓடி, களைத்து நின்றன. விமானம் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருமாம், உள்ளே பெரிய ஆள் ஒருவர் இருக்கிறாராம். கொஞ்ச நேரத்தில் ஜீப் ஒன்று மாமியின் கொட்டிலுக்குப் போனது. அது உடனே திரும்பி வரவில்லை. என்ன பேச்சு நடந்தது என்று பிறகு அறிந்தேன். மாமி வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னாராம், "நான் உங்கட லிஸ்டில இல்லாத ஆள். எழுத்தில தாங்கோ, வாறன்."

ஜீப்பில் வந்த அதிகாரி அதன் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமி ஜீப்பில் ஏறினார், ஆனால் நேரே போகவில்லை. எங்கள் வாசலில் நிறுத்தச் சொன்னார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என் முன்னால் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளை நீட்டினார்.

"வாசி."

"'கழுதைகளை அகற்றுவதற்காக இந்தப் பெண்ணை இன்று ஒரு நாளுக்கு மட்டும் உள்ளே அனுமதிக்கவும்.' கையொப்பம் போட்டிருக்கு மாமி."

"ஒரு நாளுக்கு மட்டும் எண்டு தெளிவாப் போட்டிருக்கோ?"

"ஓம் மாமி."

"சரி. இந்தமுறை ஒண்டும் சேர்க்கேல்லைத்தானே?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்காமல் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பெரியம்மாவிடம் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, தூரம். விமானம் இறங்கியது, வெள்ளைச் சட்டைக்காரர்கள் இறங்கினார்கள், வாகனங்கள் புறப்பட்டன. மாமி வாசல் பக்கம் வரவில்லை. தெற்குப் பக்கம் நடந்தார். பற்றைக்குள் புகுந்து, தகப்பனாரின் கிணற்றுக் கட்டில் போய் உட்கார்ந்தார். ஒரு படைப் பொடியன் போய்க் கூப்பிட்டான். வரவில்லை. பிறகு அதிகாரியே போனார். வேலிக்கு அருகில் என்பதால் அதன்பிறகு நடந்தது எனக்குக் கேட்டது.

"அம்மா, வேலை முடிஞ்சது. போங்க."

"ஒரு நாள் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள் சேர். இப்ப பன்னிரண்டு மணி. நாள் முடியேல்லை."

"அது கழுதைக்கு எழுதினது."

"கழுதைக்கு வாசிக்கத் தெரியாது சேர். எனக்குத்தான் வாசிச்சுக் காட்டினது."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் போய்விட்டார். மாமி அன்று பின்னேரம் வரை அங்கேதான் இருந்தார். கிணற்றில் இலை அள்ளினார். அத்திவாரத்தில் முளைத்திருந்த செடிகளைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை விரித்துப் படுத்தார். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் சோறு கொண்டுவரவோ என்று கேட்டேன். "வேண்டாம், என்ர வீட்டில நான் சாப்பிடுவன்" என்றார். சாப்பிட அங்கே ஒன்றும் இல்லை. பொழுது கடலில் இறங்கியபோது அவராகவே எழுந்து வாசலால் வெளியே வந்தார். அந்தத் தாளை என்னிடம் தந்து, "இதை வைச்சிரு. இனி எழுதிறது நீயோ கந்தோர்வாசல் ஐயாவோ எண்டு பிறகு சொல்லுறன்" என்றார்.

சொல்லவில்லை. ஐந்து கிழமைக்குப் பிறகு, நண்டு வேலைக்குப் போகிற வழியில், பஸ்தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது.

சேமக்காலைக்குக் கொண்டுபோகும்போது இறங்குதளத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. சுப்பவைசரே கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தார். ஊதா நாடாவில் பொன்னெழுத்தில் "எமது பணியாளருக்கு இதய அஞ்சலி" என்று எழுதியிருந்தது. உயிரோடு இருந்து கேட்டபோது கிடைக்காத கடிதம் அதுதான். எல்லோரும் மண் போட்டுவிட்டுத் திரும்பியபின், சுகந்தி அக்காவிடம் கேட்டுவிட்டு அந்த நாடாவைக் கழற்றி எடுத்தேன். பூக்களை விட்டுவிட்டேன்.

என்னிடம் இருப்பவை இவைதான். ஒரு மட்டைக் கோப்பு. அதில் மனுக்களின் போட்டோக் கொப்பி, சிங்களக் கடிதம், ஒரு நாளுக்கு மட்டும் என்று எழுதிய தாள், ஊதா நாடா. இனி மனுதாரர் சுகந்தி அக்கா. புதிய மனுவை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் மூன்று தரம் வாசித்துப் பார்த்துத்தான் கையொப்பம் வைத்தார், அது சரி. அதில் காட்சி எதுவும் இல்லை. காணியின் எல்லைகளும் கோரிக்கையும் மட்டும் இருக்கின்றன. அந்தப் பந்தியை எடுத்துவிட்டேன். ஆனால் கிழித்து எறிய மனம் வரவில்லை. மாமி இரண்டாம் தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டது அதைத்தான். கந்தோரில் அதன் முதல் வரியை மட்டும் வாசித்தார்கள். நீங்கள் கடைசி வரி வரை வாசிப்பீர்கள் என்று இங்கே வைக்கிறேன். இனி இதைச் சொல்வதால் பறிபோக அவருக்கு வேலையும் இல்லை.

"மனுதாரராகிய நான் மேற்படி காணிக்குள் நாளாந்தம் போய் வருகிறேன். காலையில் றன்வேயில் காகங்கள் போட்ட சிப்பிகளைக் கூட்டி அள்ளுகிறேன். விமானம் வருமுன் கழுதைகளை அப்புறப்படுத்துகிறேன். வேலை முடிந்தபின் எனது தகப்பனாரின் கிணற்றடிக்குப் போய், அதில் விழுந்த இலைகளை அள்ளுகிறேன். எமது வீட்டின் அத்திவாரத்தைக் கூட்டுகிறேன். படலை இருந்த இடத்தில் ஒரு பூவரசு தானாக முளைத்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். இந்தக் காணியில் நான் கூட்டாத இடம் இல்லை. மாலையில் வெளியே போகும்படி சொல்கிறார்கள். நான் வெளியே வந்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, நான் கூட்டிய முற்றத்தைப் பார்க்கிறேன்."